கோயிலில் வைத்த மரத்துப்பாக்கிகள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் மருமகன் டிவியில் ஒரு படம் போட்டார். குண்டு வைக்கத் தெரியாத நான்கு தீவிரவாதிகளைப் பற்றிய சிரிப்புப் படமாம். ஒருவன் குண்டை பஸ்ஸிலேயே மறந்துவிட்டு இறங்குகிறான். இன்னொருவன் வழுக்கி விழுகிறான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் வழுக்கி விழுகிறான். பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"ஏனுங்க மாமா, சிரிப்பே வரலீங்களா?"

"இதவிட நல்லா நாங்க நடிச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது.

இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நாங்கள். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. மாரியம்மன் திருவிழாவுக்கு, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நாடகம் போடுவோம். சிலோனில் சண்டை நடந்த காலம்; அந்த வருஷம் இங்கேயும் எங்கே பார்த்தாலும் தீவிரவாதி என்றுதான் பேச்சு. நாங்களும் அதையே எடுத்தோம். ஃபாக்டரிக்குக் குண்டு வைக்க வந்த மூன்று பேரை, ஆள் பற்றாத கங்காணி பிடித்துக் கொழுந்து பறிக்க விட்டுவிடுகிறார். "குண்டு வைக்கத் தெரியாட்டிப் போகுது, முத்தலு எது கொழுந்து எதுன்னுகூடத் தெரியலியேடா" என்று அவர் திட்டுவார். தலைவனாக நடித்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர் முழித்த முழியில் எஸ்டேட் மானேஜர் தொரையே சிரித்துவிட்டார்.

துப்பாக்கி மூன்றும் நான் செய்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டையைச் செதுக்கி, பூட் பாலிஷ் பூசினேன். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் செருப்புக் கடையை எட்டி நடந்து தாண்டிவிடுவேன்.

நாடகம் முடிந்ததும் மச்சான், "அடுப்புல போட்டுருவமா மச்சான், பொம்பளைகளுக்கு வெறகாச்சு" என்றார். நான்தான் விடவில்லை. திருவிழாவில் அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்ட எதையும், எட்டாம் நாள் மறுபூசை முடியாமல் கோயிலை விட்டு எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்; நாடகத்துக்கு முன்னால் துப்பாக்கிகளையும் அப்படி வைத்துத்தான் எடுத்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், கோயிலைப் பார்த்துக்கொண்டவனும் நான்தான். சாமி காரியம் ஒன்றில்தான் எனக்குப் பிடிவாதம். "ஆத்தா சாமானு, அங்கதான் கெடக்கணும்" என்று சொல்லி, பீடத்துக்குப் பின்னால் சிவப்புத் துணியில் சுற்றி வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை, யாரோ சொல்லி போலீஸ் ஜீப் வந்தது; நேராகப் பீடத்துக்குப் பின்னால் போய்ச் சிவப்புத் துணியை அவிழ்த்தார்கள். ஒளித்து வைத்த மாதிரிதான் இருந்தது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன். மனசு ஒப்பவில்லை. மரம் என்று தொட்டதுமே தெரிந்திருக்கும்.

"எவன்டா செஞ்சது?"

கோயில் சாவி என் கையில். நெற்றி நிறைய விபூதி. குனிந்து சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேயிலை மலையில் வேலையை விட்டு ஓடிவந்த மச்சான் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"நாடகத்துக்கு செஞ்ச சாமான் தானே ஐயா. நாந்தான் செஞ்சேன்."

"சிலோன் பேச்சு பேசுறான் பாரு. ஏத்து வண்டியில."

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். அடியில் இடது காது கேட்காமல் போயிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துப்பாக்கி செய்தது யார் என்று தன் தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதோடு பெரட்டுக் களத்தில் நாடகம் நின்றுபோனது. தொரை மாதிரி பேசிக்காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினால், "மறந்துபோச்சு, போங்கடா" என்பார். இப்போது அந்த லயமே இல்லை, இடித்துவிட்டார்கள்.

அம்மனிடம் எத்தனையோ வெள்ளிக்கிழமை சொல்லி அழுதிருக்கிறேன். அவளிடம் சொல்வது சுலபம். மச்சானிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்து, இருபது வருஷம், மழையைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் அவரும் போய்விட்டார்.