வாலில் இரண்டு நீள இறகு

சூப்பர்வைசர் அம்மாவின் மேற்சட்டையில், இடப்பக்கம், எப்போதும் ஒரு குருவிப் பதக்கம் குத்தியிருக்கும். பச்சை உடம்பு, சிவந்த அலகு, வாலில் உடம்பைவிட நீளமான இரண்டு கறுப்பு இறகுகள். "தேன் குடிக்கிற குருவி. எங்கள் ஜமேக்காத் தீவைவிட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை" என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபரோவில் படச்சட்டம் செய்யும் தொழிற்சாலையொன்றில் அவருக்குக் கீழே வேலை செய்தேன். எனக்கு அப்போது வேலை அனுமதி வரவில்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்த மச்சாள் ரஞ்சினியின் படமில்லாத வேலை எண் அட்டையைக் காட்டி, அவள் பெயரிலேயே சேர்ந்திருந்தேன். பிடிபட்டால் வேலையோடு அகதி வழக்கும் போய்விடும் என்று பயம்.

ஒருநாள் இடைவேளையில், "ரஞ்சினி, உங்கள் ஊரில் என்ன குருவி இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுச் செவ்வரத்தைப் பூவில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு நுனிநாக்குவரை வந்துவிட்டது. ஆனால் ரஞ்சினி கொழும்புக்காரி அல்லவா? கொழும்பில் எது பறக்கும் என்று யோசித்து, "காகம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பக்கத்தில் நின்று வேலை செய்யும், என் கள்ளப் பெயர் தெரிந்த மன்னார் அக்கா என் கையைக் கிள்ளினார். "காகமாம்! வேற ஒண்டும் கிடைக்கேல்லையே உனக்கு?"

"உவ ஏன் அக்கா ஊரைப் பற்றிக் கேக்கிறா?"

"அதுதான் நானும் பாக்கிறன். உறுக்கிக் கேக்கிறவைக்குப் பயப்பிடாத, பிள்ளை. உவ சிரிச்சுக்கொண்டெல்லே கேக்கிறா."

அன்றிலிருந்து சூப்பர்வைசர் அம்மா கொப்பியைத் திறந்தாலே என்னைப் பற்றித்தான் எழுதுகிறார் என்று நினைப்பேன். இரண்டு வருடம் சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை. காய்ச்சலோடும் போய் நின்றேன்.

என் சொந்தப் பெயரில் அனுமதி வந்ததும் விலகினேன். கடைசி நாள் சூப்பர்வைசர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அதே சிரிப்போடு சொன்னார்: "அடுத்த ரஞ்சினி யாரும் இருந்தால் திங்கட்கிழமை அனுப்பு. வரும்போது நல்லதொரு குருவியின் பெயரைச் சொல்லிக்கொடுத்து அனுப்பு."

தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காதது இரக்கமா, பயந்தவள் வாய் திறக்காமல் வேலை செய்வாள் என்ற யோசனையா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன மாதம் மல்வேர்ன் பஸ்ஸில் ஒரு இளம்பெண்ணின் கோட்டில் அதே குருவியைக் கண்டேன். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவள் சிரித்தாள். "உங்கள் நாட்டிலும் இப்படி ஒன்று இருக்கா?" என்று கேட்டாள். தேன்சிட்டு என்று சொல்ல வாய் திறக்கும் முன்னமே, என் கை கைப்பைக்குள் போய், சொந்தப் பெயர் போட்ட அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டது.