இடது காலும் ஞாயித்துக்கிழமைப் பேச்சும்

நான் சமதரையில விழுற ஆளு. மரத்துலேருந்து விழுந்தேன், மாடு முட்டி விழுந்தேன்னு சொல்லிக்கிற யோகமெல்லாம் எனக்கு இல்ல. இடது கணுக்கால் மொதல்ல மடங்கினது மட்டும் கொஞ்சம் கௌரவமா நடந்துது. எழுபதுகளோட கடைசி, எனக்குக் கல்யாணமான புதுசு. டவுன் பஸ் நிக்கறதுக்குள்ள ஸ்டைலா குதிச்சேன், பொண்டாட்டி பாக்குறாங்கற தெம்புல. அவ பாக்கவே இல்ல. சீட்டுக்கு அடியில கழண்ட செருப்பைத் தேடிட்டு இருந்திருக்கா.

அப்பால அந்தக் காலு சொல் பேச்சு கேக்கல. குழாயடியில மடங்கும், வாசப்படியில மடங்கும். ஒரு தடவை ஒண்ணுமே இல்லாத எடத்துல மடங்கி, எதுல தடுக்குச்சுன்னு சும்மாவாச்சும் திரும்பிப் பாத்தேன், பாக்குறவங்களுக்காக. பக்கத்து ஊரு வேங்கிக்கால்ல ஒருத்தரு முட்டை வெள்ளையும் உளுத்தம் மாவும் வெச்சுக் கட்டுவாரு. வீக்கம் வடியும். வலி போச்சுன்னா கால் சரியாயிடுச்சுன்னு நெனச்சுப்பேன். மறுபடி மடங்கும்.

இதுல காலைவிட ஜாஸ்தியா போனது வேற ஒண்ணு.

எங்க வீட்ல ரெண்டு ரூம், ஒம்போது பேரு. நானும் அவளும் எது பேசினாலும் சாட்சியோடதான் பேசணும். ராத்திரி இருமினாக்கூட அடுத்த ரூம்லேருந்து எங்கம்மா "மிளகு தட்டித் தரட்டா?"ன்னு கேப்பாங்க. அதனால ஞாயித்துக்கிழமை விடிகாலையில நானும் அவளும் கிரிவலம் கெளம்பிடுவோம். சாமி காரியம், யாரும் தடுக்க முடியாது. பதினாலு கிலோமீட்டர் நடக்கணும், அதனால யாரும் கூட வர்றேன்னும் சொல்ல மாட்டாங்க. நாலு மணி நேரம் எங்களுக்கே எங்களுக்கு. அவ பேசுவா, நான் கிண்டல் பண்ணுவேன், அவ முதுகுல ஒண்ணு வெப்பா. எவ்ளோ பக்தியான ஜோடின்னு தெருவுல பேரு. அண்ணாமலையாருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

ஒரு நாள் பாதி வழியில, அடி அண்ணாமலைங்கற ஊர்ல, டீக்கடை வாசல்ல, கிளாஸைக் கையில புடிச்சபடியே மடங்கி விழுந்தேன். மாட்டு வண்டியில வீடு வந்து சேந்தேன். "இனிமே உனக்கு கிரிவலம் வேணாம்"னுட்டாரு எங்கப்பா. அதோட ஞாயித்துக்கிழமை போச்சு.

அவ எப்பவாச்சும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களோட போவா. நான் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கினு ஜன்னலாண்ட உக்காந்திருப்பேன். திரும்பி வந்ததும் கேப்பேன்.

"இன்னா பேசினீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

எதுவோ சொல்ல வர்ற மாதிரி இருக்கும். அதுக்குள்ள யாராச்சும் தண்ணி கேப்பாங்க. நாலு மணி நேரப் பேச்சு அவளுக்குள்ளயே தேங்கிக் கெடக்குதுன்னு எனக்குத் தெரியும். அத நெனச்சா காலைவிட அதுதான் வலிக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல பாத்துட்டு, வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எம்பதுகளோட ஆரம்பம். எக்சர்சைஸ் சொல்லித் தர்ற டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க, சின்ன வயசு. காலை ஈரம் பண்ணி சிமெண்ட் தரையில நடக்கச் சொன்னாங்க. வலது கால் தடம் முழுசா விழுந்துது. இடது காலுக்கு வெளி ஓரம் மட்டும் ஒரு கோடு மாதிரி. அதுவும் ரெண்டு தடமும் ஒண்ணுக்கு முன்னாடி ஒண்ணு, கயித்து மேல நடக்குறவன் மாதிரி.

"சார், வலி எப்பவோ போயிடுச்சு. நடைதான் கெட்டுப் போயிருக்கு. பயந்து பயந்து வெளி ஓரமா ஊனுறீங்க. ஓரமா ஊனினா மடங்கும். மடங்கினா இன்னும் பயம்."

"பயமா? எனக்கா?"

"உங்களுக்கு இல்ல சார். உங்க காலுக்கு."

விழறதுக்கு முன்னாடி ஜாஸ்தியா எங்க நடப்பீங்கன்னு கேட்டாங்க. ரொம்பப் பெருமையா கிரிவலத்தைச் சொன்னேன். ரோட்டுல எந்தப் பக்கம்னாங்க. இடது ஓரம்தான், மலைப் பக்கம் சித்தருங்க நடப்பாங்க, அவங்களுக்கு வழி விடணும், எங்க ஊர்ல அதான் ரூலுன்னேன். அவங்க சிரிக்கல. பேப்பர்ல ரோட்டை வரைஞ்சாங்க. நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் சரிவு.

"இடது ஓரத்துல நடந்தா உங்க இடது காலு பதினாலு கிலோமீட்டரும் வெளிப் பக்கமாவே சாயும். வாரா வாரம் மடங்கறதுக்குப் பயிற்சி குடுத்திருக்கீங்க."

சித்தருக்கு மரியாதை குடுத்து காலைக் கெடுத்துக்கினவன் எங்க ஊர்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

புதுசா நடக்கக் கத்துக்கினேன், முப்பத்தஞ்சு வயசுல. ரெண்டு பாதத்துக்கும் நடுவுல நாலு வெரக்கடை எடம் விடணும். குதிகால் மொதல்ல, அப்பால பெருவெரலு பக்கமா எடையை எறக்கணும். பல் தேய்க்கும்போது ஒத்தைக் கால்ல நிக்கணும். எங்கம்மா அதப் பாத்துட்டு ஏதோ வேண்டுதல்னு நெனச்சு என் நெத்தியில விபூதி பூசிட்டுப் போனாங்க. டாக்டரம்மா இன்னொரு யோசனையும் சொன்னாங்க. இடது செருப்போட வெளி ஓரத்துல ஒரு சோடா மூடியை அடிச்சுக்கணும். தப்பா ஊனினா 'டக்'குனும். சரியா ஊனினா சத்தம் வராது.

அப்ப நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுல சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். பன்னெண்டு மெஷின் சத்தத்துக்கு நடுவுல என் டக்கு தனியாக் கேக்கும்.

"சார், இன்னிக்கு எட்டு மிஸ்டேக்"னு ஒரு பொண்ணு நோட்டுல குறிச்சு வெச்சுக் காட்டுவா. நான் பசங்க பேப்பர்ல தப்பை வட்டம் போடுவேன். அதுங்க என் காலுக்கு வட்டம் போட்டுதுங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள், நான் பின்னாடி வந்து நிக்கறது தெரியாம ஒருத்தன் காப்பியடிச்சு மாட்டினான். சந்தோஷத்துல அவனைத் திட்டவே மறந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவளைக் கூப்டுக்கினு கெளம்பினேன். நான் நடுரோட்டுல, மேட்டு மேல. அவ பழக்கப்படி இடது ஓரத்துல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கட்டை வண்டி போலாம்.

"எங்க மாமியாரு நேத்து..."

"யாரு?"

"உங்கம்மா!"ன்னு கத்தினா. முன்னாடி போன நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க.

கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு அவளும் நடுவுக்கு வந்துட்டா. "சித்தருங்க நடுவுல வர மாட்டாங்க. பஸ்ஸுதான் வரும்"னா.

பக்கத்துல வந்தும் பிரயோஜனம் இல்ல. அவ பேசறா, நான் மனசுக்குள்ள குதிகால், பெருவெரல், குதிகால், பெருவெரல்.

"கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."

"இன்னா சொன்னேன்?"

"குதிகால்."

அவ்ளோ நாள் ஏங்கி ஏங்கி, பக்கத்துல கூட்டிட்டு வந்து, நான் என் காலோட பேசிட்டு இருந்தேன்.

அஞ்சாவது ஞாயிறோ ஆறாவதோ, அடி அண்ணாமலை தாண்டி, அவ ரொம்ப நேரம் எதுவோ சொல்லிட்டு வந்தா. நானும் பதில் சொல்லிட்டே வந்தேன். திடீர்னு தோணுச்சு, அரை மணியா காலை நெனைக்கவே இல்ல. அவளாண்ட சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவ சொன்னா:

"செங்கம் ரோட்ல ஆசிரமம் தாண்டி ஒரு வீடு இருந்துதுங்க. ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, பின்னாடி கெணறு. வாடகையும் கம்மி. நம்ம ரெண்டு பேருக்கும் பாக்கலாமான்னு கேக்கணும்னு இருந்தேன்."

"இருந்துதா?"

"நீங்க டீக்கடையில விழுந்தீங்களே, அதுக்கு அடுத்த மாசம். ஆறு மாசம் காலியாவே கெடந்துது. அப்பால ஆள் வந்துட்டாங்க."

"வீட்லயே சொல்லியிருக்கலாமே?"

"வீட்ல சொல்ற பேச்சா அது? ரோட்ல சொல்ற பேச்சு."

அவ கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா ஏதாச்சும் ஜோக் அடிச்சிருப்பேன்.

அந்த வீட்டை உடனே பாக்கணும்போல இருந்துது. ஆனா அதைத் தாண்டி வந்தாச்சு, வலம் போறப்போ திரும்பி நடக்கக் கூடாது. முழுசா சுத்தி, கோயில் வாசல்ல கும்பிட்டுட்டு, வீட்டுக்குப் போகாம மறுபடியும் செங்கம் ரோட்டைப் புடிச்சோம். பதினாலுக்கு மேல இன்னும் மூணு கிலோமீட்டரு, காலு ஒரு வார்த்தை பேசல.

சின்ன ஓட்டு வீடு. வாசல்ல நின்னு ஒரு அம்மா மொறத்துல அரிசி பொடச்சுட்டு இருந்தாங்க. எதிர்ல நின்ன எங்களைப் பாத்து, "யாரு வேணும்?"னாங்க.

இவ சட்டுனு, "யாரும் இல்லீங்கம்மா. இவருக்குக் காலு சரியில்ல, அதான் நின்னோம்"னா.

"ஐயோ பாவம், உள்ள வந்து உக்காருங்க."

உள்ள போனோம். தெருவுலேருந்து ரூமுக்கு எட்டுத் தப்படி இருக்கும். நான் இடது காலை நல்லா இழுத்து இழுத்து, வெளி ஓரமா ஊனி, எவ்ளோ மெதுவா நொண்ட முடியுமோ அவ்ளோ மெதுவா நொண்டினேன். அவ என் முழங்கையைப் புடிச்சுக்கினு, எனக்கு மேல எட்டி சமையக்கட்டைப் பாத்துட்டே வந்தா.