கடைசிப் பக்கத்தில் நான் எழுதியது

1993-ல் நடந்தது இது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியையாக இருந்தேன். வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று ஏப்ரலில் தலைமையாசிரியைதான் முடிவு செய்வார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பல்லாவரம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட "எம் பொண்ணு டீச்சரு" என்று சொல்லிவிடுவார். எனக்கும் அந்தக் கர்வம் கொஞ்சம் அதிகம்தான்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கே புத்தகம் எடுப்பவர்கள் படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் 'சூப்பர்', 'ஒரே அறுவை' என்று கிறுக்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் எடுப்பார்.

மார்ச்சில் ஒரு நாவல் எடுத்தேன். ஏழு வயதுச் சிறுமி தன் கதையைச் சொல்வது போல எழுதியிருந்தது. ஆனால் அந்தக் குழந்தை வக்கீல் மாதிரி பேசியது. முதலில் அம்மாவுக்கு நோய், திடீரென்று காசி யாத்திரை, அப்புறம் ஒரு நகைத் திருட்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. எரிச்சலில் கடைசிப் பக்கத்தில், 'ஏழு வயதுக் குழந்தைக்கு எழுபது வயது நாக்கு. கதையை எங்கே ஆரம்பித்தோம் என்பதே ஆசிரியருக்கு மறந்துவிட்டது' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் பி.ஏ., பி.எட். என்று கீழே போடாமல் இருக்க மனம் வரவில்லை.

அதைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள் கழித்து வேறு புத்தகம் எடுக்கப் போனபோது நூலகக்காரர் சிரித்தார்.

"இன்னா டீச்சர், அந்த நாவல் புட்ச்சிதா? உங்க எச்.எம். அம்மா எழுதினது. வேற பேர்ல போட்டுகீறாங்க. மாசாமாசம் வந்து எடுத்துனு போவாங்க, யார் இன்னா எழுதிகீறாங்கன்னு பாக்க. நேத்துகூட எடுத்துனு போனாங்க."

வெள்ளிக்கிழமைதோறும் என் பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர். என் எழுத்து அவருக்கு மனப்பாடம்.

அன்று சோறு இறங்கவில்லை. "இன்னாடி, பேயறைஞ்ச மாரி கீற?" என்று அம்மா கேட்டாள். வேலை போனால் அப்பா அந்த பஸ்ஸில் எந்த முகத்தோடு உட்காருவார்?

பயத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்த வாரப் பாடக்குறிப்பு முழுவதையும் எழுத்தை இடது பக்கம் சாய்த்து, வேறு யாரோ எழுதியது போல எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஆயா வந்து தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனால் மேஜைமேல் என் நோட்டும் அந்த நாவலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"கையெழுத்து ஏன் டீச்சர் இப்படி மாறிடுச்சு?"

"விரல்ல வீக்கம், மேடம்."

என் விரலைப் பார்த்தார். பிறகு நாவலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"இதை யார் எழுதியிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றேன்.

நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"யாரா இருந்தாலும் முழுசா படிச்சிருக்காங்க. எங்க வீட்ல ஒருத்தரும் இருபது பக்கம் தாண்டல. என்ன சொல்ல வராங்கன்னு கேக்கலாம்னு நெனச்சேன்... சரி, நீங்க கிளாஸுக்குப் போங்க."

ஜூனில் பள்ளி திறந்ததும் வேலை நிரந்தரமானது. அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். எனக்கு மட்டும் அது இனிக்கவில்லை. நாவல் மோசம்தான், இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் எழுதியவரே எதிரில் உட்கார்ந்து கேட்டபோது 'நான்தான்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அத்தனை படிப்பும் எனக்குப் போதவில்லை என்பது, ஒவ்வொரு புத்தகத்தை முடிக்கும்போதும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.