கெண்டைக்கால் வலியோடு காஞ்சிபுரத்தில் இரண்டு நாள்

வசந்தாவின் அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் முகூர்த்தப் புடவை எடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி வசந்தா சொன்னதால், ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காஞ்சிபுரம் புறப்பட்டோம். என் இடது கெண்டைக்கால் வலியும் கூடவே வந்தது.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாரம் மூன்று நாள் ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். முந்தின புதன்கிழமை ஓட்டம் முடியும்போது, கெண்டைக்காலை யாரோ விரலால் அழுத்துவது போல லேசான வலி. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது போன தடவையே அறிவிக்கப்பட்டுவிட்டது: “இன்னொரு வாட்டி நொண்டிக்கிட்டு வந்தீங்க, ஷூ வாட்ச்மேனுக்குத்தான்.” எங்கள் வாட்ச்மேனுக்கும் எனக்கும் ஒரே அளவு. அவர் என் காலையே பார்ப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தாம்பரத்தில் காலை 7.10க்குப் பேருந்து, இரண்டு மணி நேரப் பயணம், ஆளுக்கு அறுபது ரூபாய். இறங்கும்போது கால் இழுத்தது. மரத்துப்போய்விட்டது என்று சமாளித்தேன்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொடப் படியேற வேண்டும். ஏறிவிட்டேன், இறங்கும்போதுதான் கெண்டைக்கால் சுண்டியது. சட்டென்று வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “இத்தனை வருஷத்துல கோயில்ல என் கையப் பிடிச்சதே இல்ல நீங்க” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் சன்னதிப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பட்டுக்கடையில் மெத்தை மேல் சம்மணம் போட்டு மூன்று மணி நேரம். உட்காருவது சுலபம், எழுவதுதான் கஷ்டம். கீழ்த்தட்டில் இருந்த புடவையை எட்டிப் பார்ப்பவன் போலத் தவழ்ந்து, அலமாரியைப் பிடித்து எழுந்தேன். கடைக்காரர் அந்தப் புடவையையும் விரித்துவிட்டார்.

புடவை எடுத்து முடித்து, அன்றிரவு லாட்ஜில் தங்கினோம். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வலி போய்விட்டதா என்று ஓடிப் பார்க்கும் ஆசை. விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கும் பிள்ளைகளை வகுப்பில் எத்தனை முறை கண்டித்திருப்பேன்!

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் தெருவில் பாவு கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன், நீளவாட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். மூன்று புடவைக்கான பட்டு, தரையிலிருந்து இடுப்புயரத்தில் மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டே ஓடியவன், அதன் நுனியை முளையோடு கட்டியிருந்த கயிற்றைப் பார்க்கவில்லை. கால் தட்டி முளை பிடுங்கிக்கொண்டது. நல்லவேளை, கயிறு கைக்குச் சிக்கியது.

“புடிச்சுக்கினே இருங்க சார்! வுட்டுடாதீங்க! அத்தனையும் சிக்காயிடும்!” என்று கத்தினார் நெசவாளர் சண்முகம். முளையடிக்கச் சுத்தியல் தேடி வீட்டுக்குள் ஓடினார். இழைகளை நீவிக்கொண்டிருந்த அவர் மனைவி தேவகி, என்னை மேலும் கீழும் பார்த்தார். “காலங்காத்தால யாரு சார் உங்கள தொரத்துறாங்க?”

அப்போதுதான் தெருமுனையில் வசந்தா வந்தாள். டீ குடிக்க ஷூ எதற்கு என்று யோசித்திருக்கிறாள். லாட்ஜ் பையன் கைகாட்டிய திசையில் வந்துவிட்டாள். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி, இடது குதிகாலைத் தூக்கி ஒற்றைக் காலில் நின்றிருந்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது அவளுக்கு.

“எத்தனை நாளா?” என்றாள்.

“புதன்கிழமையிலேர்ந்து.”

அவள் குரலை உயர்த்த வாயெடுத்தபோது தேவகி குறுக்கிட்டார். “ஏம்மா, சாரத் திட்டுறதுன்னா நல்லாத் திட்டு. ஆனா கை ஆடாம பாத்துக்கோ.”

வசந்தா குரலைத் தாழ்த்தினாள். “அப்ப நேத்து படிக்கட்டுல கையப் பிடிச்சது?”

நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“சார், பாவு ஆடுது!” என்று சுத்தியலோடு ஓடிவந்தார் சண்முகம்.

அவர் முளையை அடித்து முடிப்பதற்குள் வசந்தா குனிந்து என் ஷூ இரண்டையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். என் கைகள் கயிற்றில் இருந்தன. வெறுங்காலோடு லாட்ஜுக்குத் திரும்பினேன். அவள் பத்தடி முன்னால் நடந்தாள். ஊருக்குத் திரும்பும் பேருந்திலும் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

ஓடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மெழுகுவத்தியை உடனே வளைத்துப் பாருங்கள், ஒடிந்துவிடும். தசையும் அப்படித்தான், பத்து நிமிடம் நடந்துவிட்டு ஓடுங்கள். லேசான வலியென்றால் ஓட்டத்தை நிறுத்தி, வலிக்காத அளவுக்கு நடந்தால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் காலையில் ஓடுவதானால் நெசவுத் தெருக்களில் நடந்தே போங்கள்.

மூன்று வாரம் கழித்து, வலிக்காமல் ஒற்றைக்கால் நுனிவிரலில் பத்து முறை எழும்பிக் காட்டிய பிறகு, வசந்தா பீரோவைத் திறந்து ஷூவைக் கொடுத்தாள். அன்று ஏரிக்கரையில் இரண்டாவது கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் லேசாக முணுமுணுத்தது. நின்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளுக்கே போன் செய்து சொன்னேன்.

“அங்கேயே உக்காருங்க. நானும் வர்றேன், மெதுவா நடந்து வந்துடலாம்” என்றாள்.