மனுஷிதான் என்று காட்ட திண்டிவனம் வரை

ஒன்பது வருடமாகச் சுங்கச்சாவடியில் பணம் வாங்கும் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது வண்டிகளுக்குப் பணம் தானாகவே கழிந்துவிடுகிறது. பொங்கலோடு கூண்டை மூடுகிறார்கள். திண்டிவனத்தில் கம்ப்யூட்டரைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். மாதச் சம்பளம், ஃபேனுக்கு அடியில் வேலை. எனக்கு அது கிடைத்தே ஆகவேண்டும்.

விழுப்புரத்தில் காலை ஏழேகாலுக்குப் பஸ். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் நாற்பது ரூபாய், விக்கிரவாண்டி நெரிசலையும் சேர்த்து ஒரு மணி நேரம். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி இட்லி சாப்பிட்டேன் (சட்னியை நம்ப வேண்டாம்). ஆபீஸ் பக்கத்துத் தெருவில், மாடியில்.

சோதனை இதுதான். வேறெங்கோ இருக்கும் ஐந்து நடுவர்கள் என்னோடும் ஒரு எந்திரத்தோடும் எழுத்தில் பேசுவார்கள். இரண்டில் யார் மனிதர் என்று அவர்கள் சொல்ல வேண்டும். எந்திரத்துக்கு எவ்வளவு புத்தி என்பதை இப்படித்தான் அளக்கிறார்களாம். மனிதர் என்று சரியாகக் கண்டுபிடிக்கப்படுகிறவருக்கே வேலை. நான் மனுஷிதானே, இதில் தோற்க என்ன இருக்கிறது என்று தைரியமாக உட்கார்ந்தேன்.

நடுவர்கள் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார்கள். ஒருவர் என் பிறப்பையே இழுத்துத் திட்டினார். கூண்டில் தினமும் கேட்பதுதான். "மன்னிக்கவும் சார், சற்றுப் பொறுங்கள்" என்று தட்டினேன். ஐந்து பேருக்கும் அதேதான்.

மதியம் மேற்பார்வையாளர் முரளி கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சு பேரும் உங்களத்தான் மெஷினுன்னு போட்டிருக்காங்க."

"நான் உன் எதிர்லயே குந்திக்கினு இருக்கேனே தம்பி?"

"எனக்குத் தெரியுதுக்கா. அவங்களுக்குத் தெரியலையே. நான் என்னா பண்றது?"

எந்திரம் என்ன சொன்னது என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார். அதே வசவுக்கு அது எழுதியிருந்தது: "யோவ், மரியாதையா பேசு. இந்தப் பேச்செல்லாம் உன் வூட்ல வச்சிக்க."

ஒன்பது வருடமாக என் தொண்டையிலேயே நின்றுபோன பேச்சு அது. அழுகையை அடக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை எடுத்துப் போங்கள், பஸ் செலவு தரமாட்டார்கள். யாராவது திட்டினால் உடனே திருப்பிக் கொடுங்கள்; பொறுமைக்கு அங்கே மதிப்பெண் இல்லை. நானும் இனி அப்படித்தான் என்று கருவிக்கொண்டே மூன்று மணி பஸ்ஸில் கால் வைத்தேன்.

"ஏறும்மா ஜல்தி! படியில நின்னுக்கினு பேஜாரு பண்ணாத, அறிவு இருக்கா ஒனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் கண்டக்டர்.

"மன்னிக்கவும் சார்" என்றேன்.