டாக்டரம்மா நிற்கும் மூலை

கண்ணைத் திறக்காமலே பல் டாக்டர் இடது கையை உயர்த்தி இரண்டு விரலை ஆட்டினார். மூலையில் நின்ற அவர் மனைவி அரை அடி பின்னால் நகர்ந்தாள். விரல்கள் மறுபடி ஆடின. கொஞ்சம் முன்னால் வந்தாள். கை கீழே இறங்கியது. எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம். இனி இசைத்தட்டு ஓடி முடியும்வரை அவள் இருமக் கூடாது.

கிளினிக்கில் நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் எல்லார் வாயையும் மூடச் சொல்லிவிடுவார். கூடத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு. இரவானால் அவற்றுக்கு வெல்வெட் துணி போர்த்திவிடுவார்; கல்யாணமான புதிதில் மனைவிக்குக்கூட அப்படிப் போர்த்திவிட்டதில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து புறப்படும் ஒயர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய்ப் பருமன். "தரையில பட்டா சத்தம் அழுக்காயிடும்" என்பது டாக்டரின் சித்தாந்தம். ஆகவே நோயாளிகளுக்குப் பல்செட் செய்ய எடுத்த பிளாஸ்டர் அச்சுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு வாயிலும் ஒயரைக் கவ்வக் கொடுத்திருக்கிறார். முன்பின் தெரியாதவர்களின் பற்கள் இளித்துக்கொண்டிருக்க, அவற்றின் நடுவே புகுந்து பெருக்குவது டாக்டரம்மாவின் வேலை. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். பாட்டு ஓடும்போது ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுவார், அது முனகுகிறதாம். பால் திரிந்தால் பழி அவள்மேல்.

அவள் மூலைக்கு வந்து சேர்ந்ததே ஒரு விபத்து. ஒரு சாயங்காலம் காலிக் கப்பை வாங்க வந்து நின்றாள். "அப்படியே நில்லு! அசையாதே!" என்று அலறினார். பாம்போ என்னவோ என்று பயந்து நின்றாள். நின்றவள்தான். அவள் அங்கே நின்றால் பேஸ், அதாவது அந்தத் 'தும் தும்' அடிச்சத்தம், கொழகொழவென்று ஆகாமல் இறுகி வருகிறதாம். "உன் உடம்பு வாகு அப்படி. சரியான பருமன்!" என்றார். இத்தனை வருஷத்தில் அவள் உடம்பைப்பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது.

முழங்கால் வலி வந்தபிறகு கேட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, காப்பி கப் வைக்கிற இந்த ஸ்டூல்ல கொஞ்சம் உக்காந்துக்கறேனே?"

"உக்காந்தா பேஸ் எறங்கிடும். அடிப்படையே உனக்குப் புரியலயே!"

வலித்த கால் யாருடையது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

இப்படியிருக்க, வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. முதல் குழந்தை. "எப்பம்மா வர்றே?" என்று போனில் அழாத குறை. டாக்டரம்மாவுக்கு மனசு அங்கே, கால் இங்கே மூலையில். கணவரிடம் சொன்னாள்.

"போயேன், நான் வேணாம்னா சொன்னேன்? மூலைக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போ" என்றார், தாத்தா ஆகப்போகிறவர்.

வெள்ளைக் கோட்டு மாட்டும் ஸ்டாண்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஒல்லி" என்றார். துணி பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பீரோ பீரோ மாதிரியே கேக்குது." கடைசியில், டாக்ஸி வாசலில் வந்து நின்ற காலையில், வேறு வழி தெரியாமல் தான் படுக்கும் மெத்தையையே சுருட்டி, துணி காயப்போடும் கயிற்றால் கட்டி, மூலையில் நிமிர்த்தினாள்.

டாக்டர் இசைத்தட்டை ஓடவிட்டுக் கண்ணை மூடினார். முகத்தில் பரவசம். "அட! உன்னைவிட இது தேவலை. மூச்சு விடல பாரு!"

அவளுக்குச் சுருக்கென்றது. நின்று நின்று தேய்ந்த காலுக்கு ஒரு வார்த்தை கிடையாதா? சரி, விட்டது தொல்லை என்று பெட்டியைக் கொண்டுபோய் டாக்ஸிக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டினாள். உள்ளே ஏதோ சரிகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள்.

மெத்தை இடுப்பு மடங்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. பாட்டு நடுவில் வாசல் மணி அடித்தால்கூட எழுந்திருக்காத மனுஷன், ஒரே தாவலில் போய் அதைக் கட்டிப் பிடித்தார். "பாத்து... பாத்து..." என்றார். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. ஒரு கையால் மெத்தையை அணைத்தபடி, காலை நீட்டிக் காப்பி ஸ்டூலை இழுத்தார். அதன்மேல் மெத்தையைப் பதமாக உட்கார்த்தி வைத்தார். நாற்காலிக்குத் திரும்பினார். கண்ணை மூடினார்.

"அட, பேஸ் கொஞ்சம்கூட எறங்கல!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். "உக்காந்தா இன்னும் நல்லா இருக்கு!"

டாக்டரம்மா செருப்புக் காலோடு உள்ளே வந்தாள். ஸ்டூலைப் பிடித்து ஒரே இழுப்பு. மெத்தை ஒயர்மேல் விழுந்தது, பிளாஸ்டர் பற்கள் நொறுங்கின, பாட்டு நின்றது.

"ஏய்! என்ன பண்றே?"

அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"அதையும் குடுங்கம்மா, டிக்கியில வச்சிடறேன்" என்று டாக்ஸிக்காரர் கை நீட்டினார். கொடுக்கவில்லை. பின்சீட்டில் ஏறி, ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் படாரென்று சாத்தினாள்.