வீட்டுக்காரர் கேட்ட வரி

எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவில் அம்மன் திருவிழாவுக்கு வசூலிப்பதை வரி என்போம். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. இந்த வருடக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் எழுந்தார். வாடகைக்கு விடவே மூன்று வீடு வாங்கிய நெட்டை மனிதர். பேசுமுன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைப்பார்.

"இன்கம் டாக்ஸ்ல நிறைய சம்பாதிக்கிறவன் நிறைய கட்றான்ல? இங்கயும் அப்படியே வையுங்க. வாடகை வாங்குறவனுக்கு ஜாஸ்தி."

"ஒரே ரேட்டுதாண்ணே நியாயம். உங்களுக்கே ஆப்பு வெச்சிக்கிறீங்களே!" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் வாய் திறக்காத நான் பயத்தில் கேட்டுவிட்டேன். "அத எங்க வாடகையில ஏத்திடுவீங்களா, சார்?"

மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "ஏத்தினா அது நீங்க கட்ற வரியாயிடுமேம்மா. அப்புறம் அம்மனுக்கு நான் என்னத்த குடுத்தேன்?"

அவர் சொன்னபடியே முடிவாகி, அவர் மற்றவர்களைவிட அதிகமாகவே வரி கட்டினார். திருவிழா முடிந்து வாடகை கொடுக்கப் போனேன். பழைய வாடகையே வாங்கிக்கொண்டார். அவரைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன்.